மடலாடல்: வீடியோல பேஷண்ட் பாக்கறது பத்தி டாக்டருங்களோட 'ஆட்டிட்யூட்', தமிழ்ல என்ன போடலாம்?

தர்மபுரிலேர்ந்து:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா குழுவுல எதுவும் எழுதல, இப்ப வேலை வந்ததும் வரேன், திட்டாதீங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் மனநலத்துல வேலை பாக்கறவங்ககிட்ட ஒரு கேள்வித்தாள் குடுக்கப் போறோம். வீடியோலயும் போன்லயும் பேஷண்ட பாக்கறத பத்தி அவங்க என்ன நெனைக்கறாங்க, ஏன் சில பேரு விரும்பிப் பண்றாங்க, ஏன் சில பேரு "நேர்ல வரச் சொல்லுங்க"ன்னு முடிச்சுடறாங்க, இதான் விஷயம். சைக்கியாட்ரிஸ்ட் மட்டும் இல்ல, சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர், சோசியல் ஒர்க்கர், ஸ்டாஃப் நர்ஸ் எல்லாருக்கும் போகும், அதனால தமிழ்லயும் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. தமிழாக்கம் என் தலைல விழுந்துடுச்சு.

இப்ப வந்திருக்கற தலைப்பு இது:

> தொலைமருத்துவப் பயன்பாடு குறித்த மனநல மருத்துவ வழங்குநர்களின் மனப்பான்மை

வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. வழங்குநர்னா எனக்கு குடிமைப் பொருள் வழங்கலும் ரேஷன் கடையும்தான் ஞாபகம் வருது. மத்ததும் சரியாப் படல, ஆனா ஏன்னு சொல்லத் தெரியல. யாராச்சும் கை குடுங்க.

*

கிருஷ்ணகிரிலேர்ந்து:

தங்கச்சி, ஏன்னு நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்க.

மொதல்ல மனப்பான்மை. பாடப்புத்தகத்துல ஆட்டிட்யூடுக்கு மனப்பான்மைன்னுதான் இருக்கு, இலங்கைல மனப்பாங்குன்னு எழுதுவாங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா நம்ம ஊர்ல அந்த வார்த்தை தனியா வராது, முன்னாடி ஒரு 'தாழ்வு' ஒட்டிக்கிட்டுதான் வரும். இருவது வருஷமா பேஷண்டுக்கு தாழ்வு மனப்பான்மைன்னு ஃபைல்ல எழுதிக்கிட்டிருக்கற ஒரு டாக்டர்கிட்ட போயி "உங்க மனப்பான்மை என்ன"ன்னு பேப்பர நீட்டினா அவரு என்ன நெனைப்பாரு? நம்மள சோதிக்க வந்திருக்காங்கன்னு. அப்பறம் எல்லாத்துக்கும் "ஆம், மிகவும் ஏற்கிறேன்"னு டிக் அடிச்சுக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிடுவாரு.

இது வார்த்தைச் சண்டை இல்ல. இந்த விஷயத்துல முக்கியமான ஆளே டாக்டருதான். வெளிநாட்டு ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப வந்தது என்னன்னா பேஷண்டுங்க வீடியோல பாக்கறத பெருசா ஒண்ணும் வேணாம்னு சொல்லல, தயங்கினது டாக்டர் பக்கம். கதவ தொறக்கறதும் மூடறதும் அவங்க கைலதான் இருக்கு. ஒருதடவ செஞ்சு பாத்தவங்களுக்கு தயக்கம் கொறையுது, செய்யாதவங்களுக்குத்தான் அதிகமா இருக்கு, இதையும் எழுதியிருக்காங்க. தொழில்நுட்பம் புதுசுங்கறதால வந்த தயக்கம்னும் சொல்ல முடியாது. அமெரிக்கால நெப்ராஸ்கா மாகாணத்துல 1964லயே ஒமாஹாலேர்ந்து 112 மைல் தள்ளி இருந்த நார்ஃபோக் மனநல ஆஸ்பத்திரிக்கு டிவி லிங்க் போட்டுப் பாத்திருக்காங்க. நம்ம தமிழ்நாட்டுலயே ஸ்கார்ஃப்னு சென்னைல இருக்கற மனநல அமைப்பு 2010ல புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு பஸ்ஸையே கிளினிக்கா மாத்தி, சென்னைல உக்காந்த டாக்டர் ஸ்கிரீன்ல பாக்க, மருந்து பஸ்லயே குடுக்கன்னு பண்ணாங்க. அப்படி இருந்தும் கொரோனா வந்து நெட்டித் தள்ளற வரைக்கும் பெரும்பாலானவங்க அந்தப் பக்கமே போகல.

ஏன் போகலங்கறதுக்கு ஒரு சம்பவம் சொல்றேன். பென்னாகரம் பக்கத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், நான் அப்ப கூட இருந்தேன். பழைய பேஷண்ட், வருஷக்கணக்குல மாத்திரை சாப்புடறவரு. அந்தப் பக்கம் ஸ்கிரீன்ல டாக்டர் மேடம் "கையை நீட்டச் சொல்லுங்க"ன்னாங்க. நீட்டினாரு. நெட் இழுக்குது, படம் கட்டம் கட்டமா நிக்குது, கை நடுங்குதா படம் நடுங்குதான்னே தெரியல. நர்ஸ் அக்கா என்ன பண்ணாங்கன்னா ஓபி சீட்ட எடுத்து அவரு விரல் மேல படுக்கப் போட்டாங்க. சீட்டு ஓரம் படபடன்னு ஆடுச்சு, அது கேமராலயே தெரிஞ்சுது. மேடம் "ஆங், போதும்"னாங்க. ஆனா அடுத்தது மணிக்கட்ட மடக்கிப் பாக்கணும், மருந்தால ஒடம்பு இறுகியிருந்தா பல்சக்கரம் மாதிரி தடுக்கித் தடுக்கி வரும், அத தொட்டவங்களுக்குத்தான் தெரியும். நர்ஸ் அக்காவுக்கு அது சொல்லிக் குடுத்ததில்ல. "அடுத்த வாரம் தர்மபுரி அனுப்பிடுங்க"ன்னு மேடம் முடிச்சுட்டாங்க. இப்ப இவங்க மனப்பான்மை நல்லதா கெட்டதா? என்னக் கேட்டா அவங்க சரியாத்தான் முடிவெடுத்தாங்க. அந்தத் தயக்கம் வேலை தெரிஞ்சவங்க தயக்கம். கேள்வித்தாள்ல அதையும் சோம்பேறித்தனத்தையும் ஒரே கட்டத்துல போட்டா உருப்படாது.

ரெண்டாவது, 'மருத்துவம்'. இதுலதான் எனக்கு பெரிய ஆட்சேபணை. 2020 மார்ச் 25ல வந்த டெலிமெடிசின் வழிகாட்டி பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு மட்டும் போட்டது. பேஷண்டே கூப்பிட்டா சம்மதம் இருக்கறதா எடுத்துக்கலாம், டாக்டரோ ஹெல்த் ஒர்க்கரோ கூப்பிட்டா வெளிப்படையா சம்மதம் வாங்கணும், எந்த மருந்த மொதல் தடவையே எழுதலாம், எத வீடியோல பாத்தாத்தான் எழுதலாம், எத எழுதவே கூடாது (ஷெட்யூல் எக்ஸ்ங்கற கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கறது, என்டிபிஎஸ்ங்கற போதைப்பொருள் சட்டத்துல வர்றது மாதிரி), எல்லாம் டாக்டர மனசுல வச்சு எழுதினது. சைக்கியாட்ரிஸ்டுங்களுக்குன்னு பெங்களூரு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸும் இந்திய மனநல மருத்துவர் சங்கமும் டெலிமெடிசின் சொசைட்டியும் சேந்து அதே வருஷம் தனியா ஒரு கையேடு போட்டாங்க. சைக்காலஜிஸ்டும் சோசியல் ஒர்க்கரும் மொத வழிகாட்டில இல்லவே இல்ல. ஆனா 2022 அக்டோபர் 10ல டெலி மானஸ்னு மத்திய அரசோட மனநல போன் சேவை தொடங்கினப்பறம் 14416 அடிச்சா மொதல்ல எடுக்கறது யாரு? கவுன்சிலரு. நம்ம தமிழ்நாடு அரசு அதுக்கு 'நட்புடன் உங்களோடு மனநல சேவை'ன்னு பேரு வச்சுது, பாத்தீங்களா, மருத்துவம்னு போடல, சேவைன்னு போட்டாங்க. போன எடுக்கற பொண்ணுகிட்ட "தொலைமருத்துவம் பத்தி உங்க கருத்து"ன்னு கேட்டா "நான் டாக்டர் இல்லீங்களே"ன்னு பேப்பர திருப்பிக் குடுத்துடும்.

அதனால என் யோசனை: டெலிமெடிசின்னு வர்ற எடத்துல 'தொலைமருத்துவம்' இருக்கட்டும், அது நெலைச்சுப் போச்சு. இந்தக் கேள்வித்தாளுக்கு மட்டும் 'தொலைவழி மனநலப் பணி'. வழங்குநர் வேணாம், 'மனநலப் பணியாளர்' போதும், டாக்டரும் அதுல அடங்குவாரு (கோவிச்சுக்கறவரு கோவிச்சுக்கட்டும்).

மனப்பான்மைக்கு பதிலா 'ஏற்பும் தயக்கமும்'. வெறும் 'ஏற்பு'ன்னு போட நெனைச்சேன். டேவிஸ்னு ஒருத்தரு 1989ல ஒரு மாடல் போட்டாரு, ஒரு தொழில்நுட்பத்த ஆளுங்க ஏத்துக்கறது ரெண்டு விஷயத்துல நிக்குது, இது எனக்கு உதவுமா, இது எனக்கு சுலபமா, அவ்வளவுதான்னு. அதுக்கு ஏற்புதான் பொருத்தம். ஆனா தலைப்புலயே ஏற்புன்னு போட்டுட்டா "ஏத்துக்கோ"ன்னு சொல்லாம சொல்ற மாதிரி ஆயிடுது. நம்ம தமிழ்ல நன்மை தீமை, லாப நட்டம், விருப்பு வெறுப்புன்னு ரெண்டு முனையையும் சேத்து சொன்னா முழுசையும் சொன்னதாத்தான் அர்த்தம். யாருக்கும் வெளக்கம் குடுக்க வேண்டியதில்ல.

*

ஓசூர்லேர்ந்து:

அண்ணன் எழுதினது நல்லா இருக்கு, ஆனா ரெண்டு எடத்துல ஒத்துக்க மாட்டேன்.

ஒண்ணு, 'தொலைவழி மனநலப் பணி' ரொம்ப அகலம். பணின்னா முகாம் போடறதும் பணி, பள்ளிக்கூடத்துல பேசறதும் பணி. இங்க பேச்சு பேஷண்டும் நம்மளும் நேருக்கு நேர் இல்லாம பாத்துக்கறது பத்தி மட்டும். அப்பறம் ஆராய்ச்சில 'பாசிட்டிவ் ஆட்டிட்யூட்'ன்னு எழுதணும்னா என்ன பண்ணுவீங்க, 'நேர்மறை ஏற்பும் தயக்கமும்'னா? சிரிப்பாங்க.

ரெண்டு, நீங்க சொன்ன தயக்கமெல்லாம் கைய தொட்டுப் பாக்கற வேலை பத்தி. நான் சைக்காலஜிஸ்ட், எனக்கு தொட வேண்டியதில்ல. என் தயக்கம் வேற. தேன்கனிக்கோட்டை பக்கத்துலேர்ந்து ஒரு மருமகப் பொண்ணு வாராவாரம் வீடியோல வரும். மொத ரெண்டு தடவையும் "ம்", "இல்ல", "பரவால்ல" இதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. நானும் மாத்திரை டல் அடிக்குதோ, டிப்ரஷன் ஜாஸ்தியாயிடுச்சோன்னு யோசிச்சேன். அப்பறம் பாத்தா ஸ்கிரீன்ல அது தோளுக்குப் பின்னாடி ஒரு சீலை முந்தானை தெரியுது, மாமியாரு கட்டில்ல உக்காந்து அவரைக்காய் உரிச்சுக்கிட்டிருக்காங்க. மறுவாரம் மாட்டுக்கு தண்ணி காட்டறேன்னு போன எடுத்துக்கிட்டு கொட்டாயிக்கு வந்துச்சு, அன்னிக்கு நாப்பது நிமிஷம் தெலுங்குல கொட்டித் தீத்துச்சு. என் ரூமுக்கு கதவு இருக்கு, அவங்க வீட்டுக்கு இல்ல. நாலு பேரு இருக்கற ஒத்த ரூம் வீட்டுல தனிமைய நான் எங்கேர்ந்து குடுப்பேன்? இது எனக்கு தொழில்நுட்பம் உதவுமா சுலபமாங்கற டேவிஸ் கணக்குல வரவே வராது. அதனால கேள்வித்தாள்ல இத தனியாக் கேக்கணும், அதுக்கு ஒரு சொல்லும் வேணும்.

இன்னொண்ணு, அந்தப் பொண்ண நேர்ல வான்னா ஒருநாள் கூலி போச்சு, பஸ்ஸு மாறணும், கூட ஒரு ஆள் வரணும், யாரு என்னன்னு ஊரே கேக்கும். அதனால அஞ்செட்டி, தளி பக்கத்து ஆளுங்களுக்கு நான் வீடியோவ விடவும் மாட்டேன். ஏத்துக்கிட்டேன், தயங்கறேன், ரெண்டும் ஒரே ஆள், ஒரே நாள்ல.

*

கிருஷ்ணகிரிலேர்ந்து, மறுபடி:

தம்பி, கடைசி வரில நீயே என் பக்கம் வந்துட்ட. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட ஒரே நாள்ல இருக்குன்னா அத ஒரே கோட்டுல இந்த முனை நல்லது அந்த முனை கெட்டதுன்னு வச்சு அளக்க முடியாது, ரெண்டு தனி அளவு வேணும். ஏற்பு அதிகம் தயக்கமும் அதிகம், ஏற்பு கம்மி தயக்கம் அதிகம், இப்படி. உன் 'பாசிட்டிவ் ஆட்டிட்யூட்'டுக்கு 'ஏற்பு மிகுதி'ன்னு எழுதிட்டுப் போ, யாரு சிரிக்கறாங்க பாக்கலாம். ரெண்டுமே கம்மியா இருக்கறவரு யாருன்னா, ஒரு தடவ கூட செஞ்சு பாக்காம "எனக்கு ஒண்ணும் இல்லீங்க"ன்னு சொல்றவரு. அவரு ஒரே கோட்டுல வச்சா நடுவுல வந்து நின்னு நம்ம கணக்கையே கெடுத்துடுவாரு.

பணி அகலம்னு சொன்னது சரி, ஒத்துக்கறேன். 'தொலைவழி மனநல ஆலோசனை'ன்னா மருந்து எழுதற வேலை விட்டுப் போயிடும். 'தொலைவழி மனநலப் பராமரிப்பு'ன்னா? மனநலச் சட்டம் 2017 தமிழாக்கத்துல 'மனநலப் பராமரிப்பு'ன்னு பாத்திருக்கேன், பலருக்கும் பழகின சொல்லு. டாக்டர் மருந்து எழுதறது, நீ பேசறது, நர்ஸ் பேப்பர விரல் மேல வைக்கறது எல்லாம் அதுல வந்துடும்.

நேரா வீட்டுக்குப் போற அழைப்பையும், சுகாதார நிலையத்துல ஒருத்தர் பேஷண்ட் பக்கத்துல உக்காந்து நடத்தற அழைப்பையும் கட்டாயம் பிரிக்கணும், உன் மாமியார் கதையும் என் நர்ஸ் கதையும் அதத்தான் சொல்லுது. மொதலுது 'வீட்டு அழைப்பு', ரெண்டாவது 'துணையிருப்பு அழைப்பு'. போன் மட்டும்னா 'குரல் அழைப்பு', அதையும் தனியாக் கேளுங்க, நம்ம மலைல பாதி எடத்துல வீடியோவே ஓடாது. சித்தேரி பக்கம் சிக்னலுக்கு மேடு ஏறி நிக்கறவங்ககிட்ட வீடியோ பத்தி கேட்டு என்ன புண்ணியம்.

*

தர்மபுரிலேர்ந்து:

அண்ணா, ரொம்ப தேங்க்ஸ். ஓசூர் அண்ணனுக்கும். இப்ப தலைப்பு இப்படி வச்சிருக்கேன்:

> தொலைவழி மனநலப் பராமரிப்பில் பணியாளர்களின் ஏற்பும் தயக்கமும்

வீட்டு அழைப்பு, துணையிருப்பு அழைப்பு, குரல் அழைப்பு மூணுக்கும் கேள்விய தனித்தனியா பிரிச்சுட்டேன், பக்கம் ரெண்டு கூடிடுச்சு, அத எப்படியாச்சும் சமாளிச்சுக்கறேன். எங்க ஸ்டாஃப் நர்ஸ் ரெண்டு பேர்கிட்ட படிச்சுக் காட்டினேன், 'ஏற்பு' உடனே புரிஞ்சுது, 'தொலைவழி' மட்டும் "போன்ல பாக்கறதத்தான சொல்றீங்க?"ன்னு ஒருதடவ கேட்டுக்கிட்டாங்க. முன்னுரைல மொத வரிலயே வீடியோ, போன்னு எழுதிட்டேன்.

ஒண்ணுதான் மாட்டிக்கிட்டு நிக்குது. துணையிருப்பு அழைப்புல பேஷண்ட் பக்கத்துல உக்கார்ற அந்த ஆளுக்கு பேரு? இங்கிலீஷ் தாள்ல டெலிபிரசென்டர்னு போட்டிருக்காங்க. 'துணையாள்'னு போட்டா ஆஸ்பத்திரில அட்டெண்டருக்கும் பேஷண்ட் கூட வர்ற சொந்தக்காரருக்கும் அதத்தான் சொல்றோம், குழம்பும். 'முன்நிறுத்துநர்'னு ஒருத்தரு சொன்னாரு, கேட்டா கோர்ட்டுல நிறுத்தற மாதிரி இருக்கு. அண்ணா, அந்த பென்னாகரம் நர்ஸ் அக்கா தன் வேலைய அவங்களே எப்படி சொல்லுவாங்கன்னு கேட்டு சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள்ள பிரிண்ட்டுக்கு குடுக்கணும்.