முழு கிரவுண்ட் செம்பு விட்டும் ஆம்ப்ளிஃபயரில் ஹம் போகவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. இரண்டு டிடிஏ2030 ஆம்ப்ளிஃபயர் சிப் போட்டு ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் செய்திருக்கிறேன். சப்ளை பிளஸ், மைனஸ் 15 வோல்ட். டாட் போர்டில் கம்பி இழுத்துப் பார்த்தபோது ஹம்மே இல்லை. அதே சர்க்யூட்டை பிசிபி (செம்பு டிராக் உள்ள போர்டு) ஆக்கியதும் ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று ஓயாத ஹம். அடிப்பக்கம் முழுக்க கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட் இணைப்பு) செம்புதான் விட்டிருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இரண்டு ஃபில்டர் கப்பாசிட்டர்களையும் போர்டின் இரு ஓரங்களில் வைத்தேன். இன்புட் நடுவில். இரண்டு வாரமாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

பதில் 1:
வால்யூமை முழுக்கக் குறைத்தால் ஹம் குறைகிறதா? போர்டிலேயே இன்புட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்து பாருங்கள். ஸ்கோப் (அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) இருந்தால் அது 50 ஹெர்ட்ஸா, 100 ஹெர்ட்ஸா என்றும் சொல்லுங்கள். 50 என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையோ இன்புட் வயரையோ சந்தேகிக்கலாம்.

கேட்டவர்:
வால்யூம் குறைத்தாலும் அப்படியே. ஷார்ட் செய்தாலும் அப்படியே. ஸ்கோப்பில் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கூர்கூராக எழும்புகிறது, உயரம் 30 மில்லிவோல்ட்.

பதில் 2:
அப்படியானால் கோளாறு கிரவுண்டில்தான். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை என்றால் 100 ஹெர்ட்ஸ். அது, ஏசியை டிசி ஆக்கும் டையோடு பிரிட்ஜ் வழியாக கப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகும் துடிப்பு. உங்கள் அமைப்பில் அந்தக் கரண்ட் ஒரு கப்பாசிட்டரின் கிரவுண்ட் காலிலிருந்து மற்றதன் காலுக்கு, போர்டின் குறுக்கே, இன்புட்டைத் தாண்டித்தான் ஓடுகிறது.

முழுச் செம்பு விட்டால் போதும் என்பது வேகமான டிஜிட்டல் போர்டுகளுக்குச் சரி. அங்கே திரும்பும் கரண்ட் தன் டிராக்குக்கு நேர் கீழேயே ஒட்டிக்கொண்டு வரும். 100 ஹெர்ட்ஸில் அப்படி இல்லை, ரெசிஸ்டன்ஸ் மட்டுமே வழியைத் தீர்மானிப்பதால் செம்பு முழுக்கப் பரவி ஓடும்.

கணக்குப் பாருங்கள். 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்கு (சின்னதோ பெரியதோ) சுமார் அரை மில்லிஓம். இரண்டு சதுரத் தூரம் என்றால் 1 மில்லிஓம். துடிப்பு 1 ஆம்பியர் என்று வைத்தால் 1 மில்லிவோல்ட். ஃபீட்பேக்கில் 22கே, 680 ஓம் ரெசிஸ்டர்கள் போட்டிருந்தால் கெயின், அதாவது சிக்னல் பெருகும் அளவு, 33 மடங்கு. இன்புட் கிரவுண்ட் ஓரிடத்திலும் 680 ஓமின் கிரவுண்ட் வேறிடத்திலும் செம்பைத் தொட்டால், இடையில் உள்ள அந்த 1 மில்லிவோல்ட்டும் சிக்னல்தான். 33 மில்லிவோல்ட்டாக வெளியே வரும். நீங்கள் அளந்ததும் கிட்டத்தட்ட அதுதானே!

புதுப் போர்டு வேண்டாம், கட்டர் பிளேடு போதும். இன்புட், வால்யூம், 680 ஓம் வரும் பகுதியின் செம்பைச் சுற்றி வெட்டித் தனித் தீவாக்குங்கள். கப்பாசிட்டர்களின் கிரவுண்ட் கால்களைத் தடித்த கம்பியால் நேராக இணையுங்கள். அந்தக் கம்பியில் ஒரே புள்ளியிலிருந்து தீவுக்கு ஒரு வயர், ஸ்பீக்கர் கிரவுண்டுகளுக்குத் தனி வயர்கள். வேறெங்கும் தீவு செம்பைத் தொடக்கூடாது. சிப்பின் சப்ளை காலருகே உள்ள 100 நானோஃபாரட் கப்பாசிட்டரை மட்டும் நகர்த்தாதீர்கள், இல்லையென்றால் ஆசிலேஷன் (சிப் தானாகவே அதிர்வது) வரும்.

கேட்டவர்:
அண்ணா, வெட்டிவிட்டேன்! ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால்தான் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கிறது. ஸ்கோப்பில் அந்தக் கூர்களைக் காணவில்லை. முதலில் ஒரு இடத்தில் செம்பு முடி அளவுக்கு வெட்டுப்படாமல் விட்டிருந்தேன், அதுவரை ஹம் பாதிதான் குறைந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் பிடித்தேன். மிக்க நன்றி.

பதில் 2:
அருமை. அடுத்த போர்டில் இரண்டு கப்பாசிட்டர்களையும் கிரவுண்ட் கால்கள் எதிரெதிரே வரும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் அவற்றை வைத்துவிட்டு, அப்புறம் மற்றதற்கு இடம் தேடுங்கள்.