ஸ்க்ரோல் சா ஃப்ரெட்வொர்க்கைப் பின்பலகையில் ஒட்டும்போது பசை பிதுங்காமல் இருக்க என்ன வழி?

மரக்கிளை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய வாள் மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் இயந்திரம்) 3 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் இலையுதிர்ந்த மரம் ஒன்றின் வடிவத்தை ஃப்ரெட்வொர்க்காக, அதாவது இடைவெளிகளை வெட்டியெடுத்த சித்திர வேலையாக, அறுத்து முடித்திருக்கிறேன். ஓர் அடி உயரம். அடிமரம் இரண்டு விரல் அகலம் இருக்கும், மேலே போகப் போகக் கிளைகள் மெலிந்து நுனியில் 1.5 மி.மீ. கூட இல்லை. சுற்றிலும் சட்டம் கிடையாது. கிளைகளுக்கு நடுவில் ஒரு குருவி தனித்துண்டாக வருகிறது. இதை 6 மி.மீ. எம்டிஎஃப் (மர இழைகளை அழுத்திச் செய்த) பலகையில் ஒட்ட வேண்டும். பலகைக்கு மேட் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் அடித்தாயிற்று.

கழிவுத் துண்டில் சோதித்துப் பார்த்தேன். பிரஷ்ஷால் வெள்ளைப் பசை பூசி அழுத்தினால் இரண்டு ஓரத்திலும் பிதுங்குகிறது. ஈரத்துணியால் துடைத்தால் பசை போய்விடுகிறது, ஆனால் அந்த இடம் மட்டும் கறுப்பில் பளபளவென்று தனியாகத் தெரிகிறது. பசையைக் குறைத்தால் நுனிகள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. இவ்வளவு மெல்லிய வேலைக்கு எப்படித்தான் பசை போடுவது? வார்னிஷ் அடிப்பது ஒட்டுவதற்கு முன்பா, பின்பா?

பட்டறைவாசி:

ஸ்ப்ரே பசை போதும். மரத்தைப் பழைய செய்தித்தாளில் கவிழ்த்துப் போட்டு, 20–25 செ.மீ. தள்ளி நின்று மெல்லிசாக ஒரு தடவை அடியுங்கள். தொட்டால் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் எடுத்து வைத்து அழுத்துங்கள். பிதுங்கவே பிதுங்காது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், நெடி பலமாக இருக்கும்.

சன்னவாள்:

வெல்வெட் அல்லது ஃபெல்ட் துணி மேல் ஒட்டுவதென்றால் நானும் ஸ்ப்ரேதான் சொல்வேன். வெள்ளைப் பசை துணியில் ஊறி மேலே வந்துவிடும். ஆனால் இது மரமும் பலகையும். ஸ்ப்ரே அடிக்கும்போது கிளைகளின் பக்கவாட்டிலும் பசை படியும், பிறகு அந்த ஓரங்களில் தூசி ஒட்டிக்கொண்டே இருக்கும். கறுப்புப் பின்னணியில் அது இன்னும் நன்றாகத் தெரியும். அதோடு, அந்த வகைப் பசை தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்வதால் நகர்த்திச் சரிசெய்ய இடம் தராது. ஒன்றரை மில்லி கிளையை மறுபடி பிய்த்து எடுக்க முடியாது.

என் வழி இது: பசையைத் துண்டின் மேல் போடாதீர்கள், கண்ணாடி மேல் போடுங்கள். ஒரு கண்ணாடித் தட்டிலோ வழுவழுப்பான அக்ரிலிக் தகட்டிலோ கொஞ்சம் வெள்ளைப் பசையை ஊற்றி, சின்ன ஃபோம் ரோலரால் மரத்தின் அளவுக்குப் பரப்புங்கள். அடியிலிருக்கும் கண்ணாடி தெரியும் அளவுக்கு, பனி படிந்த ஜன்னல் மாதிரி, ஒரு மங்கலான படலம் மட்டும் நிற்க வேண்டும். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பசை அதிகம், இன்னும் உருட்டுங்கள். அதன் மேல் மரத்தை நேராக இறக்கி, விரல் நுனியால் ஒவ்வொரு கிளையையும் மெல்லத் தொட்டு அழுத்தி, அடிமரப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். அடிமரத்தின் மேல்பக்கத்தில் மாஸ்கிங் டேப்பை மடித்து ஒரு காது மாதிரி ஒட்டி வைத்தால் பிடித்துத் தூக்க வசதி. பசை பின்முகத்தில் மட்டும், எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் ஏறியிருக்கும். தூரிகையால் இது வரவே வராது. கிளை ஓரத்தில் பிரஷ்ஷின் மயிர் வழியும் இடத்தில்தான் உங்களுக்குப் பிதுங்குகிறது.

இவ்வளவு குறைவான பசை தாங்குமா என்று தோன்றும். நாற்காலிக் காலுக்குப் போடுகிற பசை இல்லை இது, எந்தப் பாரமும் இல்லை. மெல்லிய படலம் தாராளமாகப் பிடிக்கும். இன்னொரு நன்மை, இந்தப் பசையில் தண்ணீர் இருக்கிறது. அதிகம் போட்டால் ஒரு முகம் மட்டும் ஈரம் குடித்து உப்பி, மெல்லிய கிளை வில்லாக வளையும். நுனி தூக்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒட்டுவதற்கு முன்னால் பின்முகத்தைக் கட்டாயம் பாருங்கள். வாள் அடியில் விட்ட பிசிர் ஓரங்களில் நிற்கும். வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்டினால் தெரியும். அந்தப் பிசிர் கிளையைப் பலகையில் உட்கார விடாது. 220 உப்புத்தாளைச் சமமான கட்டையில் சுற்றி, கிளையின் போக்கிலேயே லேசாகத் தேய்த்து, தூசியை ஊதிவிடுங்கள். குறுக்கே தேய்த்தால் நுனி கையோடு வந்துவிடும்.

அப்புறம் இடம் பிடிப்பது. மரத்தை அறுத்த பிறகு மிஞ்சிய வெளிப்பலகையைத் தூக்கிப் போடவில்லையே? அதுதான் அச்சு. அதைக் கறுப்புப் பலகை மேல் சரியான இடத்தில் டேப் போட்டு நிறுத்திவிட்டு, பசை ஏறிய மரத்தை அதற்குள் இறக்குங்கள். வாள் போன தடம் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும், மரம் எங்கேயும் நழுவாது. கிளைகளுக்கு இடையில் வந்த குட்டித் துண்டுகள் வேண்டாம், வெளிச்சுற்று மட்டும் போதும். மரம் உட்கார்ந்ததும் டேப்பைப் பிரித்து அச்சை நேர் மேலாகத் தூக்கிவிடுங்கள். பசை இல்லாமல் ஒரு முறை முழுக்க ஒத்திகை பாருங்கள். மெல்லிய படலம் சில நிமிடத்தில் காய்ந்துவிடும், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் மெல்லிய கெட்டியான ஃபோம் அல்லது கார்க் ஷீட், அதன் மேல் ஒரு சமப்பலகை, பிறகு பாரம். எதையும் இழுத்துச் சரிசெய்யாமல் நேராக இறக்குங்கள். பத்து நிமிடம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், எங்காவது ஒரு சொட்டுப் பிதுங்கியிருந்தால் ரப்பர் மாதிரி இறுகியிருக்கும். பல்குச்சியை உளி மாதிரிச் சீவி அடியில் கொடுத்தால் முழுதாகப் பெயர்ந்து வரும். துணியும் தண்ணீரும் அந்தப் பக்கமே வரக்கூடாது. திரும்பப் பாரம் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

மரக்கிளை:

நன்றி அண்ணா, வெளிப்பலகை பத்திரமாக இருக்கிறது. வார்னிஷ்? மரத்தை எண்ணெயில் முக்கி எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். பெயின்ட் மேல் பசை பிடிக்குமா என்றும் சந்தேகம்.

சன்னவாள்:

எண்ணெயில் முக்கினால் உள்விளிம்பெல்லாம் அழகாக ஏறும், உண்மைதான். ஆனால் பின்முகமும் எண்ணெய் குடித்துவிடும், அதன் மேல் தண்ணீர்ப் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டிய பிறகு எண்ணெய் விட்டால் கறுப்பில் கறை படியும். அதனால் முகத்துக்கும் ஓரங்களுக்கும் மட்டும் நிறமில்லாத வார்னிஷ் ஸ்ப்ரேயை மெல்லிய பூச்சாக ஒட்டுவதற்கு முன்பே அடித்துக் காயவிடுங்கள். பின்முகம் எந்தப் பூச்சும் இல்லாத வெறும் மரமாகவே இருக்கட்டும்.

மேட் அக்ரிலிக் மேல் இந்த வேலைக்குப் போதுமான பிடிப்பு கிடைக்கும். மனம் கேட்காவிட்டால் அச்சை வைத்து அடிமரம் வரும் இடத்தை மட்டும் 320 உப்புத்தாளால் லேசாக மங்கச் செய்யுங்கள். பெயின்ட் தொடக் காய்ந்ததும் அவசரப்பட வேண்டாம். உள்ளே இறுகச் சில நாள் ஆகும், அதற்குள் பாரம் ஏற்றினால் பட்டர் பேப்பரே பெயின்ட்டில் ஒட்டிக்கொள்ளும். பலகையின் பின்பக்கத்துக்கும் ஒரு கை பெயின்ட் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்த எம்டிஎஃப் வளைய வாய்ப்பு உண்டு.

தேக்குமரம்:

பிளைவுட்டைத் திடமரப் பலகை மேல் ஒட்ட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திடமரம் ஈரப்பதத்துக்கு ஏற்பக் குறுக்குவாட்டில் விரிந்து சுருங்கும், பிளைவுட் அந்த அளவுக்கு அசையாது. முழுதும் ஒட்டினால் மெல்லிய பாகம் விரிசல் விடும். எம்டிஎஃப்பில் அந்தத் தொல்லை இல்லை. குருவிக்கு ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைத்துவிடலாமே?

சன்னவாள்:

கறுப்பு மேல் வேண்டாம் நண்பரே. சூப்பர் க்ளூவின் ஆவி சுற்றிலும் வெள்ளைப் புகை மாதிரி படிந்துவிடும். குருவிக்கும் அதே வெள்ளைப் பசைதான். மரம் காய்ந்து நின்ற பிறகு, பல்குச்சி நுனியால் வயிற்றுப் பகுதியில் ஒரு புள்ளி, வால் பக்கம் இன்னொரு புள்ளி வைத்து, ட்வீசரால் இறக்கி, மேலே ஒரு சின்ன மரக்கட்டையைப் பாரமாக வையுங்கள். எந்த இடம் என்று குழம்பாமல் இருக்க, குருவியைச் சுற்றி வந்த கழிவுத் துண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளைகளுக்கு நடுவில் அதைப் பசையில்லாமல் பொருத்தினால் குருவியின் இடம் தானாகத் தெரியும்.