லிசெஸ் 1850, செஸ்.காம் 1550: அணி வரிசைக்கு எந்த எண்ணை எடுப்பது?

நடுப்பலகை:
எங்கள் சதுரங்கக் குழு அடுத்த மாதம் அணிப் போட்டி ஒன்றை நடத்துகிறது. அணிக்கு நான்கு பேர். நால்வரின் சராசரி ரேட்டிங் (ஆடும் திறனைக் காட்டும் எண்) 1600-ஐத் தாண்டக் கூடாது. ரேட்டிங் கூடியவர் முதல் பலகையில் ஆட வேண்டும். இவ்வளவுதான் விதி. ஆனால் இணையச் சதுரங்கத் தளங்களில், உறுப்பினர்களில் பாதிப் பேர் லிசெஸில் ஆடுகிறவர்கள், மீதிப் பேர் செஸ்.காமில். ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) ரேட்டிங் வைத்திருப்பவர்களும் சிலர் உண்டு. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்த, லிசெஸ் ராபிட் (ஓரளவு வேகமான ஆட்டம்) ரேட்டிங்கில் 300 கழித்து அதையே செஸ்.காம் ரேட்டிங்காக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். என் இரண்டு கணக்குகளுக்கும் இடையே வித்தியாசம் அவ்வளவுதான் இருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் விதியை அறிவிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசி யானை:
எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. உங்களுக்கு 300 என்பதால் ஊருக்கெல்லாம் 300 ஆகிவிடாது. லிசெஸில் புதிதாக வருகிற எவரும் 1500-இல் தொடங்குகிறார். பல ஆண்டு ஆடியவருக்கும் அதே எண்தான், குதிரை எப்படித் தாவும் என்று நேற்றுக் கற்றுக்கொண்டவருக்கும் அதே எண்தான். செஸ்.காமில் கணக்குத் தொடங்கும்போதே உங்கள் நிலை என்ன என்று கேட்கிறார்கள். புதியவர் என்று சொன்னால் பல நூறு புள்ளிகள் கீழேயிருந்து தொடங்குவார். அதனால் அடிமட்டத்தில் இடைவெளி பெரிது. மேலே போகப் போக அது சுருங்குகிறது. உச்சியில் திசையே மாறிவிடுகிறது: செஸ்.காம் பிளிட்ஸில் (ராபிட்டைவிட வேகமான ஆட்டம்) முன்னணி கிராண்ட்மாஸ்டர்கள் 3200-ஐத் தாண்டியிருக்கிறார்கள். லிசெஸ் பிளிட்ஸ் பட்டியலின் உச்சி அதைவிடத் தாழ்வு. உங்கள் விதிப்படி அவர்களில் ஒருவர் லிசெஸில் ஆடியதற்காக மேற்கொண்டு 300 புள்ளிகள் அபராதம் கட்ட வேண்டும்.

ஈ4 மட்டும்:
கிராண்ட்மாஸ்டர் யாரும் இந்தப் போட்டிக்கு வரப்போவதில்லை ஐயா. வருகிறவர்கள் 1000-க்கும் 2000-க்கும் இடைப்பட்டவர்கள். அந்த வட்டாரத்தில் ஓர் எண்ணைக் கழித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கலாம். செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவதில்லையா? ஒருவர் ஆடும் திறமை ஒன்றுதான்; இரண்டு தளங்களும் அதை இரண்டு அளவுகோல்களில் காட்டுகின்றன. நூறு புள்ளி முன்பின் ஆனால் வானம் இடிந்து விழாது.

புள்ளிக்கணக்கு:
வெப்பநிலை உவமை இங்கே செல்லாது. தண்ணீர் எந்த ஊரிலும் ஒரே வெப்பத்தில்தான் உறைகிறது. இரண்டு அளவுகோல்களையும் அந்தப் புள்ளியில் கட்டிவைக்க முடியும். ரேட்டிங்குக்கு அப்படிக் கட்டிவைக்க ஒன்றுமில்லை. ஆர்பாட் எலோ உருவாக்கி, ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்ட முறையாக இருக்கட்டும், மார்க் கிளிக்மன் 1995-இல் கொண்டுவந்த கிளிக்கோவாக இருக்கட்டும், அவை சொல்வது இரண்டு பேருக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மட்டுமே. எலோ கணக்கில் 200 புள்ளி கூடியவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் எடுப்பார். 400 கூடியவர் 91 எடுப்பார். இன்று இரவு லிசெஸில் உள்ள அத்தனை பேருக்கும் தலா ஆயிரம் புள்ளிகள் கூட்டிவிட்டாலும் நாளைய ஆட்டங்களின் முடிவு எதுவும் மாறாது. 1850 என்றால் "லிசெஸ் ராபிட் ஆடுகிறவர்கள் நடுவே இந்த இடம்" என்று பொருள். வேறு பொருள் கிடையாது.

லிசெஸ் கிளிக்கோ-2 முறையையும் செஸ்.காம் பழைய கிளிக்கோ முறையையும் பயன்படுத்துகின்றன என்பதைப் பலர் பெரிதாகப் பேசுகிறார்கள். சூத்திர வேறுபாடு சிறிய விஷயம். யார் யாரோடு ஆடுகிறார்கள் என்பதுதான் எண்ணைத் தீர்மானிக்கிறது.

மந்திரிக்கோடு:
அப்படியானால் எண்ணை விட்டுவிட்டு நூற்றுமானத்தைப் பாருங்களேன். இரண்டு தளங்களிலும் "உங்களுக்குக் கீழே இத்தனை சதவீதம் பேர்" என்ற தகவல் கிடைக்கிறது. 90-ஐ 90-ஓடு பொருத்தினால் முடிந்தது.

கடைசி யானை:
எந்தக் கூட்டத்தில் 90? லிசெஸ் தன் பரவலில் அந்த வாரம் ஆடியவர்களை மட்டும் எண்ணுகிறது. செஸ்.காமில் பெருங்கூட்டம், 2020 பொதுமுடக்கக் காலத்தில் சதுரங்கம் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் திரள் திரளாக வந்து சேர்ந்த இடம் அது. அங்கே ராபிட் சராசரியே ஆயிரத்துக்குக் கீழே. புதியவர்கள் நிறைந்த கூட்டத்தில் 90-ஆவது நூற்றுமானம் எளிது, பழகியவர்கள் நிறைந்த கூட்டத்தில் அது கடினம். எண்ணில் இருந்த சிக்கலைச் சதவீதத்துக்கு மாற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஈ4 மட்டும்:
எதைச் சொன்னாலும் "கூட்டம் வேறு" என்று ஒரே பதில்! இரண்டு தளங்களிலும் ஆடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு எண்களையும் கேட்டு வாங்கித்தானே மாற்று அட்டவணைகளைப் போடுகிறார்கள்? அது தரவு இல்லையா? நடுப்பலகையின் 300-ஐ வேண்டாம் என்று தள்ளுங்கள், அட்டவணையைத் தள்ள என்ன காரணம்?

புள்ளிக்கணக்கு:
அது தரவுதான். எதைப் பற்றிய தரவு என்பதே கேள்வி. முதலில், யார் எண்களைத் தருகிறார்கள்? தாங்களாக முன்வந்து படிவம் நிரப்புகிற ஆர்வலர்கள். அவர்களுக்கு வழக்கமாக ஒரு தளம் சொந்த வீடு, மற்றொன்றில் எப்போதோ ஆடிய சில ஆட்டங்கள். லிசெஸில் உறுதியாகாத ரேட்டிங்கின் அருகே கேள்விக்குறி நிற்கும். அந்தக் கேள்விக்குறியை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை.

இன்னொன்று, இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். லிசெஸில் சரியாக 1850 உள்ளவர்களை எல்லாம் திரட்டி அவர்களின் செஸ்.காம் சராசரியை எடுங்கள். 1550 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது செஸ்.காமில் சரியாக 1550 உள்ளவர்களைத் திரட்டி அவர்களின் லிசெஸ் சராசரியை எடுத்தால் 1850 வராது. அதைவிடக் கொஞ்சம் கீழே, நடுவை நோக்கி நகர்ந்து வரும். இரண்டு எண்களிலும் தற்செயல் கலந்திருப்பதால் எந்தப் பக்கமிருந்து கணித்தாலும் விடை சராசரியை நோக்கிச் சாயும். போகும் வழிக்கு ஓர் அட்டவணை, திரும்பும் வழிக்கு இன்னோர் அட்டவணை வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் அச்சிடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஈ4 மட்டும்:
நான்கு பேர் கொண்ட அணிக்கு இவ்வளவு புள்ளியியலா! போட்டி முடிந்து அடுத்த போட்டி வந்துவிடும்.

சிப்பாய்நடை:
இடையில் ஒரு சின்ன விஷயம். "ராபிட்" என்று இருவரும் சொல்வதே ஒன்றல்ல. இரண்டு தளங்களும் ஆட்டம் நாற்பது நகர்வுகள் நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு நேரத்தைக் கணக்கிடுகின்றன; ஆனால் கோடு கிழிக்கும் இடம் வேறு. 5+5 ஆட்டத்துக்கு (ஐந்து நிமிடம், நகர்வுக்கு ஐந்து வினாடி கூடுதல்) 500 வினாடிகள். லிசெஸில் 480-ஐத் தொட்டாலே ராபிட், செஸ்.காமில் பத்து நிமிடத்துக்குக் கீழே என்பதால் அது பிளிட்ஸ். 30+0 ஆடினால் லிசெஸ் அதைக் கிளாசிக்கல் கணக்கில் சேர்க்கும், செஸ்.காம் ராபிட்டில் சேர்க்கும். மிக வேகமான ஆட்டமான புல்லட்டின் கதை இன்னும் மோசம். எதிராளி ஆடும் முன்பே நகர்வைப் பதிந்துவைக்கிற ப்ரீமூவ், லிசெஸில் ஒன்றுதான், அதற்கு நேரம் கழியாது, செஸ்.காமில் வரிசையாகப் பல வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு வினாடி போகும். உங்கள் போட்டி புல்லட் இல்லை என்பதால் அது பிழைத்தது.

மந்திரிக்கோடு:
சரி, ஃபிடே ரேட்டிங்கையாவது அடித்தளமாக வைத்துக்கொள்ளலாமே. அது நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடிப் பெற்றது. ஏமாற்று வேலைக்கும் இடம் குறைவு.

புள்ளிக்கணக்கு:
அது இருப்பவர்களுக்கு மட்டும். அதுவும் இடம் மாறியிருக்கிறது. 2024 மார்ச்சில் 2000-க்குக் கீழே இருந்த அனைவருக்கும் ஃபிடே ஒரே தடவையில் புள்ளிகளைக் கூட்டியது: 2000-லிருந்து எவ்வளவு குறைவோ அதில் நாற்பது சதவீதம். 1500 இருந்தவர் மறுநாள் 1700 ஆனார், 1800 இருந்தவர் 1880. பட்டியலின் அடித்தளமும் 1000-லிருந்து 1400-க்கு உயர்ந்தது. யாருடைய ஆட்டமும் அன்று ஒரே இரவில் மேம்பட்டுவிடவில்லை. அதற்கு முன் போட்ட "லிசெஸிலிருந்து ஃபிடே" அட்டவணைகள் எல்லாம் அந்த நாளோடு காலாவதி. அவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பது வேறு கதை.

ஈ4 மட்டும்:
குறை சொல்வது எளிது. நடுப்பலகை ஒரு போட்டியை நடத்தியாக வேண்டும். உங்கள் யோசனை என்ன? எல்லோரையும் பலகை இல்லாமல் திருப்பி அனுப்புவதா?

கடைசி யானை:
யோசனை இருக்கிறது. ஆட்டங்கள் எந்தத் தளத்தில் நடக்கின்றனவோ, அந்தத் தளத்தின் ரேட்டிங் மட்டும். மாற்றுவதே வேண்டாம். கணக்கில்லாதவர்கள் இப்போதே தொடங்கி, ரேட்டிங் உள்ள 15+10 ஆட்டங்களை ஆடட்டும். தொடக்கத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எண் பெரிதாகத் தாவும், பிறகு தானே அடங்கும். நிச்சயமின்மையையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் கிளிக்கோவின் சிறப்பு. லிசெஸ் என்றால் கேள்விக்குறி மறைந்தவர்கள் மட்டும் பட்டியலில் இடம்பெறுவார்கள்.

ஈ4 மட்டும்:
வேண்டுமென்றே தோற்றுக் குறைவான எண்ணோடு வருகிறவரை என்ன செய்வீர்கள்? சராசரிக்கு உச்சவரம்பு வைத்தால் அதைத்தான் செய்வார்கள். பழைய கணக்கில் பல ஆண்டு ஆடியவருக்கு அந்த வசதி இல்லை, புதுக் கணக்குக்காரருக்கு உண்டு. நான் சொன்ன கழித்தலில் அந்த ஓட்டையாவது கிடையாது.

சிப்பாய்நடை:
இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். மேலும், 1600 என்ற வரம்பு செஸ்.காமை மனத்தில் வைத்து எழுதியது. லிசெஸில் ஆடினால் அதே அணிகள் அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். புதிய வரம்பை எதிலிருந்து கணிப்பது? மறுபடி அதே அட்டவணையிடம்தான் போய் நிற்க வேண்டும்.

நடுப்பலகை:
வரம்பையே எடுத்துவிடுகிறேன். ஆட்டங்கள் லிசெஸில், 15+10. இரண்டு தளங்களிலும் அது ராபிட் என்பதால் பழக்கம் யாருக்கும் பிரச்சினை இல்லை. கேள்விக்குறி போனவர்களை ரேட்டிங்படி வரிசைப்படுத்தி, பட்டியலை நான்கு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவர் என்று சீட்டுக் குலுக்கி அணி அமைப்பேன். வித்தியாசம் 40 புள்ளியா 90 புள்ளியா என்பது அதன்பிறகு தேவைப்படாது, யார் யாருக்கு மேலே என்பது போதும். வேண்டுமென்றே தோற்றுக் கீழே இறங்கினாலும் தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது.

ஈ4 மட்டும்:
கீழ்ப் பகுதியில் ஒளிந்துகொண்டு நான்காம் பலகையில் எல்லோரையும் வெல்லலாமே.

நடுப்பலகை:
வெல்லலாம். செஸ்.காம் எண்ணையும் எனக்குத் தனியே அனுப்பச் சொல்கிறேன். இரண்டுக்கும் கண்ணை உறுத்தும் அளவுக்கு வித்தியாசம் இருந்தால் அவருடைய கடைசி ஆட்டங்களைத் திறந்து பார்ப்பேன். லிசெஸில் அவை பொதுவில்தான் இருக்கின்றன. லிசெஸில் கணக்கே தொடங்க மாட்டேன் என்று இரண்டு பேர் அடம்பிடிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வழி என்று யாராவது சொல்லுங்கள்.