பெல்வில் (நியூ ஜெர்சி) தமிழ்க் குடும்பங்கள் குழு: யார் இந்த ஹெண்ட்ரிக்ஸ்?

ரவி: ஹெண்ட்ரிக்ஸ் ஃபீல்டில் கோல்ஃப் ஆடிவிட்டு இப்போதுதான் வந்தேன். யார் அந்த ஹெண்ட்ரிக்ஸ்? யாருக்காவது தெரியுமா?

சேகர் அண்ணா: நம் ஊரில் செம்பு ஆலை நடத்திய யூதக் குடும்பம், ரவி. உரையா ஹெண்ட்ரிக்ஸ் 1755இல் லண்டனிலிருந்து நியூயார்க் வந்தவர். இங்கிலாந்துச் சரக்கை இறக்கி விற்றார், உலோகமும் அதில் உண்டு. மகன் ஹார்மன் தலையெடுத்த பிறகு செம்புதான் முழுத் தொழில்.

மாலதி அக்கா: இறக்குமதி நன்றாகப் போகும்போது ஆலை எதற்கு அண்ணா?

சேகர் அண்ணா: 1812இல் பிரிட்டனோடு போர் மூண்டது, சரக்கு வரத்து படுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ஹார்மனும் மைத்துனர் சாலமன் ஐசக்ஸும் இங்கே ஓடும் செகண்ட் ரிவர் ஆற்றோரமாக சோஹோ ஆலையை நடத்த ஆரம்பித்தார்கள். ரோலிங் மில். சூடேற்றிய செம்புக் கட்டியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் குறைத்தால் தகடு மெலிந்துகொண்டே வரும். நடுநடுவே மறுபடி காய்ச்ச வேண்டும், இல்லையென்றால் ஓரம் வெடித்துவிடும்.

தீபா: அவ்வளவு தகட்டை யார் வாங்கினார்கள்?

சேகர் அண்ணா: பெரும்பாலும் கப்பல்காரர்கள்தான்மா. அப்போது எல்லாம் மரக்கப்பல். கடற்புழு பலகையைத் துளைத்துச் சல்லடையாக்கிவிடும். பாசியும் சிப்பியும் அடியில் ஒட்டினால் வேகம் போச்சு. அடிப்பாகம் முழுக்கச் செம்புத் தகடு அடித்தால் இரண்டு தொல்லையும் அடங்கும். அப்புறம் நீராவிக் கப்பல் வந்தது, அதன் கொதிகலனுக்கும் செம்புதான். நீராவிக் கப்பல் கட்டிய ராபர்ட் ஃபுல்டனுக்கு இவர்கள் செம்பு கொடுத்தார்கள்.

ரவி: பாஸ்டன் பக்கம் பால் ரெவியரும் செம்பு ஆலை வைத்திருந்தாரே?

சேகர் அண்ணா: ஆமாம், 1801இல், கேன்டனில். அவரே ஹார்மனிடம் செம்பு வாங்கியவர்தான்! பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரிக்க ரெவியர் இரவில் குதிரை ஏறிப் போன கதை இங்கே பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் ஆலைக்குச் செம்பு அனுப்பியவரை யாருக்கும் தெரியாது. எனக்கு இது மனதை உறுத்துகிறது. 1813இல் போர்ச் செலவுக்கு அரசு கடன் கேட்டபோது ஹார்மன் 40,000 டாலர் கொடுத்தார்.

மாலதி அக்கா: 40,000-ஆ! அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை!

தீபா: அவருக்குப் பிறகு யார் பார்த்துக்கொண்டார்கள் அண்ணா?

சேகர் அண்ணா: 1838இல் அவர் காலமானதும் மகன்கள் எடுத்து நடத்தினார்கள், அவர்களுக்குப் பின் அவர்கள் பிள்ளைகள். இருபதாம் நூற்றாண்டு வரை தொழில் குடும்பத்தின் கையிலேயே இருந்தது. ஹார்மன் ஷேரித் இஸ்ரேல் தொழுகைக்கூடத்தின் தலைவராகவும் இருந்திருக்கிறார். நியூயார்க்கின் மிகப் பழைய யூத சபை அது.

தீபா: மகனுக்கு இந்த மாதம் உள்ளூர் வரலாற்றுப் பிராஜெக்ட் இருக்கிறது. இதையே எழுதச் சொல்லவா?

சேகர் அண்ணா: தாராளமாக. கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள் எல்லாம் நியூயார்க் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டியில் இருக்கின்றன. ரெவியரோடு நடந்த கொடுக்கல் வாங்கலிலிருந்து ஆரம்பிக்கச் சொல், பையனுக்குப் பிடித்துவிடும்.