கானாடுகாத்தான் வளவு (குடும்ப வாட்ஸ்அப் குழு)

சாலா ஆச்சி: அறுபதாம் ஆண்டுச் சாந்திக் கல்யாணத்தன்று பிள்ளையார்பட்டிக்கு ஐயாவின் பழைய ஷெவர்லே காரில்தான் போவேன் என்று அப்பச்சி பிடிவாதம். வண்டி ஓடுமா முத்தையா?

முத்தையா: ஓடும். நிற்குமா என்றுதான் தெரியவில்லை.

தேனம்மை அயித்தை: ஐயோ, முகப்புத் தூண்!

லெட்சுமணன் அயித்தான்: தூணுக்கு என்ன ஆயிற்று? பர்மாத் தேக்கு. பம்பர்தான் போயிற்று.

சாலா ஆச்சி: ஓட்டியது யார் என்பதையும் சொல்லுங்கள்.

முத்தையா: பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. உள்ளே துருப்பிடித்துக் குழி. ரப்பர் கிட் மாற்றினாலும் நிற்காதாம்.

மெய்யப்பன் ஹூஸ்டன்: அண்ணே, அது வெறும் பிரேக் சிலிண்டர் இல்லை. நம் வண்டியில் ஒரே வார்ப்பில் இரண்டு போர், அதாவது பிஸ்டன் ஓடுகிற துளை. ஒன்று பிரேக், இன்னொன்று கிளட்ச். மேலே ஆயில் தொட்டி பொது. பங்காளி வீட்டுக் கிணறு மாதிரி, ஒருவர் பக்கம் ஒழுகினால் இரண்டு பேருக்கும் வறட்சி. அதைவிட மோசம், நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு குழாய் போனால் பிரேக்கே கிடையாது. ஷெவர்லேயே 1967 மாடலில்தான் முன்சக்கரம், பின்சக்கரம் என்று லைனைப் பிரித்தது.

தேனம்மை அயித்தை: கிணற்றை ஏனப்பா இழுக்கிறாய்?

முத்தையா: பட்டறையில் சொன்னது: பிரேக்குக்கு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் தருகிற புது டேண்டம் சிலிண்டர். கிளட்சுக்கு வேறொரு வண்டியின் பழைய பிரேக் சிலிண்டரை ஸ்லீவ் போட்டு மாட்டலாம்.

மெய்யப்பன் ஹூஸ்டன்: அங்கேதான் சிக்கல். டிரம் பிரேக் சிலிண்டரின் வாயில் சின்ன வால்வு இருக்கும். லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும், சக்கரத்துச் சிலிண்டரில் ரப்பர் ஒட்டியே இருக்க. அதைக் கழற்றாமல் கிளட்சுக்குக் கொடுத்தால், காலை எடுத்த பிறகும் அழுத்தம் இறங்காது. கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசும், பிளேட்டும் வழுக்கலாம். போர் அளவையும் கேளுங்கள். பெரிதானால் பெடல் கல், சிறிதானால் தரை வரை போகும். பெடலிலிருந்து வருகிற புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் துளி இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஆயில் திரும்புகிற துளை மூடியே கிடந்து பிரேக் தானாகப் பிடிக்கும்

லெட்சுமணன் அயித்தான்: கவுனி அரிசி எத்தனை படி?

சாலா ஆச்சி: 300 இலை. சமையல்காரரைக் கேளுங்கள்.

தேனம்மை அயித்தை: கந்தரப்பம் போன தடவை மாதிரி வேண்டாம். எனக்குப் பல் இல்லை.

மெய்யப்பன் ஹூஸ்டன்: பிரேக் ஆயில் டாட் 3 அல்லது 4 ரகம் மட்டும். இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிவிடும். யாரும் ஊற்றவில்லையே?

லெட்சுமணன் அயித்தான்: ஒரே ஒரு தடவை.

சாலா ஆச்சி: அந்த டப்பா வைத்த கறை ஆத்தங்குடிக் கல்லில் இன்னும் போகவில்லை.

முத்தையா: சரி, செலவு யாருடையது? வண்டி இன்னும் ஐயா பெயரில்தான் இருக்கிறது.

முத்தையா: ?

சாலா ஆச்சி: நேரில் பேசலாம்.

தேனம்மை அயித்தை: மூன்று வருடமாக நேரில்தானே பேசுகிறோம்.

லெட்சுமணன் அயித்தான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பச்சி: கழற்றிய சிலிண்டரை எடைக்குப் போடக் கூடாது. வீட்டுக்கு வர வேண்டும்.

முத்தையா: சரி அப்பச்சி. வியாழன் பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்கிறார்களாம். அப்புறம் சொல்கிறேன்.

லெட்சுமணன் அயித்தான்: எதற்கும் ஒரு அம்பாசடருக்குச் சொல்லிவைக்கவா?

மெய்யப்பன் ஹூஸ்டன்: அண்ணே, வால்வு

முத்தையா: தூங்கப் போடா.