ஈடியூ (அவசர சிகிச்சைப் பிரிவு) கொம்பியூட்டருக்கு இவ்வளவு பூட்டு வேணுமோ?

மாங்குளத்தான்:
எங்கட ஆசுப்பத்திரியில (பேர் வேண்டாம்) போன மாசம் தொடக்கம், 2 நிமிசம் தொடாமல் விட்டால் கொம்பியூட்டர் தானாப் பூட்டிக்கொள்ளுது. திறக்க 12 எழுத்துப் பாஸ்வேர்ட். 90 நாளைக்கொருக்கா மாத்தவும் வேணும். ஈடியூவில ஒரு மிசின், நாங்கள் ஆறு பேர். முந்தநாள் விடியப்புறம் வயலுக்குப் போன ஒராளை விரியன் கடிச்சிட்டுதெண்டு கொண்டுவந்தினம். 20 நிமிச இரத்த உறைவுச் சோதனைக்கு ரத்தம் எடுத்து வைச்சிட்டு, ஆளுக்கு முந்தி விசமுறி மருந்து ஏத்தி ஒவ்வாமை வந்ததோ எண்டு பாக்கப் போனன். அவதியில மூண்டு தரம் பிழையா அடிக்க, கணக்கே முடங்கிப்போச்சு!

வவுனியா வயர்க்காரன்:
அண்ணை, பாம்புக்கடிக்கு வைத்தியம் செய்யக் கொம்பியூட்டர் தேவையில்லை, கேட்டால் வீட்டுக்காரர் சொல்லுவினம். 2017 மே மாசம் வன்னாக்ரை (பேரில வன்னி கிடக்கெண்டு சிரிக்காதேங்கோ) எண்ட, பைலுகளைப் பூட்டிக் காசு கேக்கிற வைரஸ் இங்கிலாந்து ஆசுப்பத்திரியளை என்ன பாடு படுத்தினது? அம்புலன்ஸைக்கூட வேற இடத்துக்குத் திருப்பிவிட்டவை.

மாங்குளத்தான்:
அது பாஸ்வேர்ட்டால வந்த வினையில்லைத் தம்பி. விண்டோஸ் ஓட்டையை அடைக்கிற அப்டேட் மார்ச்சிலயே வந்திட்டுது, அவை போடேல்லை. பிழை உங்கட கொம்பியூட்டர் ஆக்களின்ர பக்கம், தண்டனை எங்களுக்கோ?

நைட் டியூட்டி மிஸ்ஸி:
உண்மையைச் சொல்லுறன். எங்கட வார்டில பாஸ்வேர்ட் கீபோர்டுக்குக் கீழ ஒட்டிக் கிடக்கு. காலமை ஒராள் திறந்தால் பின்னேரம் வரைக்கும் எல்லாரும் அவரின்ர பேரிலதான் பதியிறது. மாத்தச் சொன்னால் கடைசி இலக்கத்தில ஒண்டு கூட்டுவம், அவ்வளவுதான். சும்மா நாள் கணக்கில மாத்த வைக்க வேண்டாமெண்டு அமெரிக்காவின்ர தர நிர்ணய நிறுவனம் நிஸ்ட் 2017இலயே சொல்லிட்டுது.

வவுனியா வயர்க்காரன்:
மாத்திறதை விடுவம், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அக்கா, அந்த ஒரு பேரில ஆரோ மருந்தின்ர அளவைப் பிழையாப் பதிஞ்சால் விசாரணைக்கு ஆர் போறது?

புதுக்குடியிருப்புப் பெட்டை:
நான் நோயாளிப் பக்கம். ஒருக்கா கிளினிக்கில என்ர விசயமொண்டைப் பதிஞ்சவை. நான் பஸ்ஸால இறங்கி வீட்டை போக முன்னம் சந்திக் கடையில கதை நிக்குது. கொழும்பில எண்டால் ஆர் ஆரை அறிவினம்? இஞ்ச வாசலில மருந்துத் துண்டு வெட்டுறவருக்கும் என்ர பெரியம்மாவைத் தெரியும். உங்களுக்குப் போறது ரெண்டு நிமிசம், எனக்குக் கலியாணமே குழம்பினது. 2022இன் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தகவலை விசேஷமாத்தான் சொல்லுது.

மாங்குளத்தான்:
பிள்ளை, அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. பூட்டே வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, கெதியாத் திறக்கிற பூட்டைத் தாங்கோ எண்டுதான் கேக்கிறன். டியூட்டி தொடங்கேக்க அட்டையும் பின் நம்பரும், பிறகு அட்டையைத் தொட்டால் விட்ட இடத்திலயே திரை வரும். அப்பிடி வெளியில எத்தினை இடத்தில இருக்கு!

வவுனியா வயர்க்காரன்:
அட்டையை மிசினிலயே விட்டிட்டுத் தேத்தண்ணிக்குப் போவியள். சரி, அட்டை தரலாம். அவசரத்துக்கெண்டு ஒரு திறப்பும் வைக்கலாம். காரணத்தை அடிச்சால் ஆற்ற பதிவும் திறக்கும், திறந்தவரின்ர பேர் நிக்கும், பிறகு ஒராள் இருந்து பாக்கவேணும்.

நைட் டியூட்டி மிஸ்ஸி:
அந்த ஒராள் ஆர்? நெதர்லாந்தில ஒரு டிவிப் பிரபலத்தின்ர பதிவை ஊழியர் கனபேர் விடுப்புக்குத் திறந்து பாத்ததில, ஹாகா ஆசுப்பத்திரிக்கு 2019இல 460,000 யூரோ தண்டம் போட்டவை. ஆர் திறந்ததெண்டு ஒழுங்காப் பாக்காததும் ஒரு குற்றம். இஞ்ச மருந்துக் கொப்பி பாக்கவே ஆளில்லை, தம்பி.

வவுனியா வயர்க்காரன்:
முதல்ல கீபோர்டுக்குக் கீழ கிடக்கிறதைக் கிழியுங்கோ அக்கா. அட்டைக்கு நான் கடிதம் எழுதுறன்.