டி(6;9) ஏஎம்எல், டெக்-நுப்214 ஃபியூஷன்: அனுபவம் உள்ளவங்க ப்ளீஸ் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்கு ஏஎம்எல் (வேகமா வளர்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய்). ஃபிஷ் பேனல்ல (குறிப்பிட்ட சில ஜீன் மாற்றங்கள மட்டும் ப்ரோப் வச்சு தேடுற டெஸ்ட்) ஒண்ணுமே வரலன்னு நிம்மதியா இருந்தோம், அப்புறம் கேரியோடைப் (குரோமோசோம்கள படம் எடுத்து பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட் வந்துச்சு, அதுல 20 செல் பாத்து 18-ல 6-வது குரோமோசோம் துண்டும் 9-வது துண்டும் இடம் மாறியிருக்குன்னு போட்டிருக்கு. இதத்தான் டி(6;9)-ன்னு சொல்றாங்க, இதனால டெக், நுப்214-ங்கற ரெண்டு ஜீனும் ஒட்டிக்கறதுதான் டெக்-நுப்214 ஃபியூஷன். படத்த எத்தன தடவ உத்து பாத்தாலும் எனக்கு வித்தியாசமே தெரியல, அவ்ளோ சின்ன மாற்றம்! ஏஎம்எல்-ல நூத்துல ஒருத்தருக்குத்தான் இது வருமாம், சாதாரண ஃபிஷ் பேனல்ல இதுக்கு ப்ரோப் இருக்கறதில்லையாம். கூடவே ஃப்ளிட்3 ஐடிடி-ங்கற இன்னொரு ஜீன் மாற்றமும் பாசிடிவ், இந்த ரெண்டும் அடிக்கடி சேந்தேதான் வருமாம். 2022 ஈஎல்என் (ஐரோப்பிய லுகேமியா நிபுணர் குழு) லிஸ்ட்ல ஹை ரிஸ்க், அதனால ரெமிஷன் (நோய் அடங்குறது) வந்ததும் ஸ்டெம் செல் டிரான்ஸ்ப்ளான்ட் போயிடலாம்னு டாக்டர் சொல்றாரு, அதுல எங்களுக்கு குழப்பம் இல்ல.

கேக்க வேண்டியது எம்ஆர்டி (சிகிச்சைக்கு அப்புறமும் மிச்சமிருக்கற கொஞ்சூண்டு புற்றுநோய் செல்) டெஸ்ட் பத்தி. ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்லோட அடையாளத்த வச்சு தேடுற டெஸ்ட்) மட்டும் போதுமா, இல்ல டெக்-நுப்214-க்குன்னே தனியா பிசிஆர் (அந்த ஃபியூஷன் ஜீனையே தேடுற டெஸ்ட்) பண்ணணுமா? ஃப்ளிட்3 மறைஞ்சு மறுபடி வரலாம், அத மட்டும் நம்ப முடியாதுன்னு படிச்சேன். உங்க வீட்ல யாருக்காவது இதே ஃபியூஷன் இருந்தா டிரான்ஸ்ப்ளான்ட்டுக்கு முன்னாடி பிசிஆர் நெகடிவ் ஆகுற வரைக்கும் வெயிட் பண்ணீங்களா, பின்னாடி எத்தன மாசத்துக்கு ஒருக்கா பாத்தாங்க? ஹெமட்டாலஜி ஆளுங்க யாராவது இருந்தா டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னாவது சொல்லுங்க, அடுத்த வாரம் போறோம்.